செவ்வாய்க்கிழமைப் பூஜ்யம்

பெல்லந்தூர். ஏழாம் மாடி. மழை.
வரைபடத்தில் செவ்வாய்தோறும் ஒரு பள்ளம்:
நாற்பத்தொன்றாம் எண் தண்ணீர் லாரி
ஒரு வீட்டுக்கும் ஊற்றவில்லையாம்.

"லீவு நாளாக இருக்கும், விடு" என்றார் சுஹாஸ்.
மாடல் அந்தப் பள்ளத்தையும் மனப்பாடம் செய்து
தொண்ணூற்றாறு வாங்கியிருந்தது.

புள்ளியியல் படித்தேன், பைத்தான் படித்தேன்;
வர்த்தூர் டிப்போவுக்கு எந்த பஸ் என்று
இன்றுதான் கேட்டேன்.

டிரைவர் மல்லப்பா சிரித்தார்.
செவ்வாயன்று போன் மகளிடம் இருக்குமாம்,
டியூஷனுக்கு.
லாரி ஓடும். தண்ணீர் போகும்.
பதிவதற்குத்தான் கையில் ஒன்றுமில்லை.

மாரத்தஹள்ளிப் பாலத்தடியில் பஸ் நகரவில்லை.
மடிக்கணினியைத் திறந்தேன்.
நூற்றுநான்கு பூஜ்யங்கள்.
அழித்தேன்.
கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும்,
தெரியாததற்கு அதுதான் மரியாதை.

துல்லியம் எண்பத்தெட்டுக்கு இறங்கியது.

இதை சுஹாஸிடம் சொல்லும் வித்தை
எந்தப் பாடத்திலும் வரவில்லை.