அறுபத்தொரு கேட்டியளா

நாற்பத்து மூன்று நிமிடம் பேசியிருக்கிறார் வில்பிரட்.
தேவை ஒரே ஒரு நிமிடம்.
பெட்டியைத் திறந்து, சட்டத்தைத் தூக்கி,
மாசியில் ரப்பர் தளிர்க்கிறபோது
தேன் எங்கே ஊறுகிறது என்று சொல்ல வேண்டும்.
கீழே போன் நம்பர். அவ்வளவுதான்.
அவர் அப்பா பட்ட கடனிலிருந்து தொடங்குகிறார்.

மகள் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப்.
ஸ்பேஸ் கட்டையை இரண்டு தடவை குத்தினால்தான் கேட்கும்.
முதல் நாள் முழுக்க
வீடியோவை எங்கே இழுத்துப் போடுவதென்று தெரியாமல்
டெஸ்க்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கே இழுத்துக்கொண்டிருந்தேன்.
மறுநாள், ஒதுக்கி வைக்கிறேன் என்று
ஃபைலுக்கு ‘தேன் நல்லது’ எனப் பெயர் மாற்றினேன்.
திரை முழுக்கச் சிவப்பு. மீடியா ஆஃப்லைன்.
அடுக்களையில் சாயா குடித்துக்கொண்டிருந்த மனிதர்
லேப்டாப்பில் காணாமல் போனார்.
பழைய பெயரை வைத்ததும் வந்துவிட்டார்.

பிளேடு படத்தை அமுக்கினால் அம்பு கத்தியாகிறது.
வெட்டு எனக்குப் புதிதில்லை.
அருமனையில் முந்நூறு மரம், விடியுமுன் பால்வெட்டு.
பட்டைக்குள் எவ்வளவு, தடியைத் தொடாமல் எவ்வளவு,
கைக்குத் தெரியும்.
ஆனால் மரத்தில் கன்ட்ரோல் இசட் கிடையாது.
பிழைத்த வெட்டை மரம் முண்டாகக் கட்டி
வருசக்கணக்கில் காட்டும்.
இங்கே வெட்டி, ஒட்டி, மறுபடி வெட்டி
அவரை மூன்று தடவை தும்ம வைத்தேன்.
ராத்திரி பதினொன்றரைக்குத் தனியாகச் சிரித்தேன்.

அப்புறம்தான் அந்தச் சொல்.
‘ராணி ஒண்ணுதான், கேட்டியளா,
மத்ததெல்லாம் வேலைக்காரிய, கேட்டியளா,
வேலைக்காரியதான் தீர்மானிக்கும், கேட்டியளா.’
எண்ணினேன். அறுபத்தொன்று.
இருபது வருசமாக இதைக் காதால் கேட்டவள்
இப்போது கண்ணால் பிடிக்கிறேன்.
டைம்லைனில் அது இரண்டு குன்று, ஒரு பள்ளம்,
கடைசியில் இழுபடும் வால்.
ஒவ்வொன்றாகக் கொத்தி எடுத்தேன்.

ஓட்டிப் பார்த்தால்
பேச்சு வழுக்கிக்கொண்டு போகிறது,
பின்னால் தேனீ இரைச்சல் மட்டும்
படி தவறித் தவறி இறங்குகிறது.
ங்ங்ங், டக். ங்ங், டக்.
அந்தச் சொல்லுக்கு அடியிலும்
அவை இரைந்துகொண்டிருந்திருக்கின்றன.
சொல்லை வெட்டும்போது
அவற்றையும் வெட்டியிருக்கிறேன்.

வழி இருந்தது. பேச்சில்லாத இரைச்சல் ஒரு நிமிடம்
தனியாகப் பிடித்து, நீளமாக விரித்து
அடியில் போட வேண்டும்.

பெட்டி மேல் போனை வைத்தேன்.
‘ஒரு நிமிசம் வாய தொறக்கப்பிடாது’ என்றேன்.
‘எதுக்கு?’
‘வாய தொறக்கப்பிடாதுன்னேன்.’

நின்றோம்.
கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.
கட்டினார், அவிழ்த்தார், பிறகு
என் தோளில் கிடந்த சருகை எடுத்து
கீழே போடாமல் வைத்துக்கொண்டார்.
களியல் பஸ் ஒன்று தூரத்தில் ஹாரன் அடிக்க
போச்சே என்று பல்லைக் கடித்தேன்.
அவர் சட்டைக் காலரில் ஒரு தேனீ
எல்லை அளப்பதுபோல் நடந்தது.
இவ்வளவு நேரம் இருவரும் பேசாமல் நின்றது
சண்டையில்தான்.
இது சண்டை இல்லை.

ஐம்பத்து நாலாவது நொடி.
மெதுவாக, பெட்டிக்குள் விழுந்துவிடும்போல் குனிந்து,
‘கேட்டியா?’

யாரிடமோ சொல்கிற கேட்டியளா இல்லை.
வால் இல்லை. இரண்டு சின்னக் குன்று.

ஐம்பத்து மூன்று நொடியை நறுக்கி
ஹாரனைக் கிள்ளி எறிந்து
வீடியோவின் அடியில் விரித்தேன்.
டக் டக் போயிற்று.
மேலே கடைசியாக ஒரு கேட்டியளாவைத்
திரும்பக் கொண்டுவந்து போட்டேன்,
இல்லையென்றால் அது வேறு யாரோ.

மிச்ச நொடி தனி ஃபைலாகக் கிடக்கிறது.
போன் வைத்த நீள நம்பர்தான் பெயர்.
மாற்றமாட்டேன்.
மாற்றினால் என்ன ஆகும் என்று
இரண்டாம் நாளே படித்துவிட்டேன்.