பொருளாளரின் குறிப்பு

சுவரொட்டி ஆறில் நான்கை மான்கள் தின்றுவிட்டன.
கோதுமை மாப் பசை. அவற்றைக் குறை சொல்வதற்கில்லை.
மிஞ்சியதில் ஒன்று மீன்சந்தைப் பின்சுவரில்,
மற்றது என் கைப்பையில்,
ஒட்ட மறந்தபடி.

நாற்பது கதிரை வாடகைக்கு எடுத்தோம்.
செயலாளர் இருதயநாதன் அறுபது என்றார்,
நான் இருபது என்றேன்.
பகல் முழுக்கக் கூட்டுறவுக் கடையில் கணக்கெழுதுகிறவள் நான்.
கவிதை வராது.
வட்டத்துக்குக் காசைத் திருடாத ஒரு ஆள் தேவைப்பட்டது,
அவ்வளவுதான்.

டியூட்டரி மேல்மாடி. வெண்பலகையில்
யாரோ பாதி அழித்துவிட்டுப்போன பென்சீன் வளையம்.
அதன் மேலேயே எழுதினோம்:
நாவலாசிரியருடன் ஒரு மாலை.
மாலை ஐந்து மணிக்கு. ஐந்து மணிக்கு அவர்
ஹபரணை தாண்டி
காற்றுப்போன பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

வந்தது பதினொரு பேர்.
அதில் ஒருவர் மகளை ஏற்றிப்போக வந்து
வகுப்பு நாளைக்குத்தான் என்று தெரிந்தபின்
மின்விசிறிக்குக் கீழே இருந்துவிட்டவர்.
கிண்ணியாவிலிருந்து பரீஹா.
பாலம் தாண்டும் கடைசி பஸ் ஏழரைக்கு என்று
மூன்று தரம் சொன்னாள், மூன்றாம் தரம்
சுவர்க் கடிகாரத்திடம்.

ஆறே முக்காலுக்கு மனிதர் வந்தார்,
சட்டைக் கையில் கிறீஸ்.
"பேச்சு வேண்டாம், பேசவேண்டியதையெல்லாம்
டயரோடு பேசிவிட்டேன்.
பட்டறையை எடுப்போம்.
கடல் என்ற சொல் இல்லாமல் கடலை எழுதுங்கள்.
பத்து நிமிடம்."

இந்த ஊரில்!
ஜன்னலைத் திறந்தால் முகத்தில் பூசுகிற ஊரில்,
தபாலட்டைக்கே நமத்துப்போகிற ஊரில்.
பேனாக்கள் டிக் டிக்கென்று திறந்து மூடின.
இருதயநாதன் மட்டும் வியர்க்க வியர்க்க எழுதினார்:
ஆழி, பரவை, புணரி, முந்நீர்...
"நிகண்டை மூடுங்கள் ஐயா," என்றார் வந்தவர்,
நோகாமல்தான். ஆனாலும் நொந்தது.

ஐஸ் பக்டரிப் பாலேந்திரன் எழுந்தார்.
நாலு வரி. வாசிக்கும்போது
காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்,
பறந்துவிடும் என்பதுபோல.

"விடிய மூன்று மணிக்கு ஐஸ் உடைத்தேன்.
ஒன்பது படகுக்கு.
எட்டுப் படகு காசு தந்தது.
ஒன்பதாவது இன்னும் கடன்."

"எத்தனை நாளாய்?" என்று கேட்டவள் நான்.
கணக்கெழுதுகிறவளின் வாய்.
"பதினாலு வருஷம்," என்றார், "கொப்பியில கிடக்கு."

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருதரம்
க்றீச் என்றது. அதுவரை
அது எனக்குக் கேட்டிருக்கவில்லை.

ஏழு இருபத்தைந்து. பரீஹா
பை தோளில், ஒரு கால் படியில்.
"நான் நின்றுகொண்டே வாசிக்கிறேன்."

"எங்கள் வீட்டுக் கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்கும்.
வாப்பா ஆசாரியைக் கூப்பிட்டு மாற்றினார்.
ஏன் என்று ஆசாரி கேட்கவில்லை,
அவருக்கும் அந்த வேலை
அந்த மாதம் முழுக்க இருந்தது."

வாசித்தாள், தாளை மடித்தாள், ஓடினாள்.
ஒருவரும் கைதட்டவில்லை.
கைதட்டுவதா வேண்டாமா என்று
நாங்கள் முடிவெடுப்பதற்குள்
கீழே பஸ் ஹோர்ன் அடித்துக் கிளம்பிவிட்டது.

மகளை ஏற்ற வந்தவர்தான் முதலில் எழும்பினார்.
அவர் ஓட்டோ வைத்திருப்பவர் என்பது
அப்போதுதான் தெரியும்.
உட்துறைமுக வீதி வளைவில் பஸ்ஸை மறித்தாராம்.
திரும்பி வந்து ஐம்பது ரூபாயைக்கூட வாங்கவில்லை,
ரோல்ஸ் இரண்டு எடுத்துக்கொண்டார்.
"அடுத்த கூட்டம் எப்போ?"

பத்து மணிக்குக் கணக்கை முடித்தேன்.
கதிரை நாற்பது. இருபத்தொன்பது வெறுமை,
ஆனால் வாடகை வாடகைதான்.
ரோல்ஸ் மிச்சம் பதினாறு,
எழுத்தாளர் பஸ்ஸுக்குக் கட்டிக்கொண்டார்.
பிளேன்டீ. சீனி. வெண்பலகைப் பேனா ஒன்று,
களவு போனது.
கையிருப்பு நானூற்றுப் பத்து.

கோட்டைக் கீழேயே போட்டிருக்கவேண்டும்.
போடவில்லை.
பென்சிலை எடுத்து ஓரத்தில் குறித்தேன்:
பரீஹா வீட்டில் மொத்தம் எத்தனை கதவு,
கேட்க மறந்தது.