நாற்பத்தேழு அல்லது நாற்பத்தொன்று

முப்பத்தெட்டு கம்ப்யூட்டர்கள்,
பத்தொன்பது கண்ணாடித் திரைகள்,
வயர் மட்டும் மூன்று அரிசிச் சாக்கு.
ஜெலுத்தோங், பதினோராம் மாடி.
லிஃப்ட் ஒற்றைப்படை மாடிகளில் நிற்காது,
பன்னிரண்டுக்குப் போய் ஒன்று இறங்கி வரவும்
என்று விளம்பரத்திலேயே எழுதிவிட்டேன்.

முதலில் வந்தவர் சுங்கைப் பட்டாணி ஹில்மி.
டுரியான் வாங்குகிறவர் மாதிரி
ஒவ்வொன்றையும் தூக்கி, லேசாய்க் குலுக்கி,
காதருகே வைத்துக் கேட்டார்.
"கெனாப்பா ஜுவால், காக்?"
ஏன் விற்கிறேனா? இடமில்லை என்றேன்.
பேரம் பேசாமல் அறுநூறு வெள்ளி எண்ணி வைத்தார்.
பேசியிருக்கலாம்.

புக்கிட் மெர்த்தாஜாம் கியான் ஹுவாட்டிடம்
முழங்கால் என்றேன்.
சூலியா தெருக் காப்பிக்கடைக்காரியிடம்
கடன் என்றேன்.
அவளுக்கு ஓடாவிட்டாலும் பரவாயில்லையாம்,
திரையைக் கழற்றிவிட்டு
உள்ளே செடி வைப்பாளாம்.
அவளுக்கு மட்டும் முந்நூறு ஏற்றிச் சொன்னேன்.
கொடுத்துவிட்டாள்.

பழைய இரும்பு இருளப்பன்
தராசோடு வந்தார். கிலோ ஒன்று எண்பது.
"ஏம்மா, இதெல்லாம் உன் புருஷன் சேர்த்ததா?"
புருஷனையே நான் சேர்க்கவில்லை ஐயா,
நீங்கள் நிறுவையைப் பாருங்கள்.

எண்பத்தாறு. பாயான் லெப்பாஸ்.
இரவு வேலை, பத்தொன்பது வயது.
நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து
தட்டுக்குத் தட்டு ஈயப்பற்று பார்த்து
சரியென்றால் பச்சை மையில் ஒரு குத்து.
வட்டம். உள்ளே 47.
என் பெயர் தவமலர் என்பது
சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.
பெட்டி பெட்டியாய் வேலிக்கு அந்தப் பக்கம் போகும்,
அங்கிருந்து விமானம்.
எதற்குள் போய் உட்கார்ந்தன என்று
யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

பதின்மூன்று வருஷம் கழித்து
லோரோங் கூலிட் சந்தையில்
நாற்பது வெள்ளிக்கு ஒரு பெட்டி வாங்கினேன்.
வீட்டுக்கு வந்ததும் திருப்புளி.
12 இருந்தது. 63 இருந்தது.
யாரோ ஒருத்தியின் தலைமுடி இருந்தது,
தொப்பி போடச் சொல்லி அவ்வளவு கத்தியும்.
பிறகு நிறுத்த முடியவில்லை.
ஈப்போ, தைப்பிங், தாய்லாந்து எல்லை வரை
போய்த் தூக்கி வந்தேன்.
41 ஐந்து முறை கிடைத்தது.
அது ரொக்கியா. எனக்கு இடப்பக்கத்து நாற்காலி.
எனக்கு நான் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

ஒன்றை மட்டும் திறக்கவில்லை.
ஒட்டுச்சீட்டு கிழியாத இயந்திரம்.
கிழித்தால் விலை பாதி.
அதை வாங்க கிள்ளானிலிருந்து கவினேஷ் வந்தான்,
ஐந்து மணி நேரம் காடி ஓட்டி.
ஆயிரத்து நானூறு.
முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டான்.
ஏன் விற்கிறீர்கள் என்று
அவன் ஒருவன்தான் கேட்கவில்லை.
அவனுக்கென்று ஒரு பதிலை
யோசித்து வைத்திருந்தேன்.

மறுநாள் இரவு ஒரு படம் வந்தது.
"அக்கா, மன்னிச்சிருங்க, திறந்துட்டேன்.
உள்ள பச்சையா இது என்ன?"

வட்டம் சரி. நாலு சரி.
அடுத்த எண்ணின் தலையில் மை பரவியிருக்கிறது.
ஏழின் மேல்கோடா,
ஒன்றின் மூக்கா?
விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன்.
எண் போய்விட்டது,
சதுரம் சதுரமாய்ப் பச்சைதான் மிச்சம்.

எழுதி அழித்தேன். எழுதி அழித்தேன்.
"பாஸான தட்டு தம்பி. ஓடுதா?"

"ஓடுது அக்கா. கொஞ்சம் சத்தம் போடுது."

எங்கள் வரிசையில் பேசக்கூடாது,
ரொக்கியா மட்டும் மூக்காலேயே
எதையோ முனகிக்கொண்டு குத்துவாள்,
நானும் அதே தாளத்தில் குத்துவேன்
என்றெல்லாம் எழுதவில்லை.

போடட்டும் என்று எழுதினேன்.