ஏறிய கியரில் இறங்குதல்

நேற்று இரவுச் செய்தியில்
டீசல் பதினெட்டு ரூபாய் குறைந்தது.
இன்று காலை ஆறரைக்கு,
பெரட்டுக்குப் போகிற வழியில்,
முதுகுக் கூடையைக்கூட இறக்காமல்
செபமணி கேட்டுவிட்டாள்:
"அப்ப பருப்பு எவ்ளோக்கா?"

நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன்.

பருப்பு மூட்டை போன செவ்வாய் வந்தது.
பழைய டீசலில் கினிகத்தேனை வளைவெல்லாம் ஏறி,
அட்டனில் நிஸ்தார் ஹாஜியார் கடையில் ஓரிரவு தங்கி,
அங்கிருந்து ஓட்டோவில்
பாதிப் பாரம் என் மடியில் சாய,
நோர்வூட் தாண்டி இந்தப் பாலத்தடிக்கு வந்தது.
நான் கொடுத்த காசு
நேற்றைய செய்தியைக் கேட்கவில்லை.

இதைச் சொன்னால் அவள் என்ன கேட்பாளென்று தெரியும்.
கேட்டாள்.
"ஏறுனப்ப மட்டும்
இருந்த மூட்டைக்கே புது வெல போட்டீங்களே?"

போட்டேன்.
அந்த வருஷம், கரண்ட் இல்லாத ராத்திரியில்,
மெழுகுதிரியை மா டின்மேல் ஒட்டவைத்து
சவர்க்கார உறைகளில் இருந்த விலையை
நகத்தால் சுரண்டி மாற்றியவள் நான்தான்.
அடுத்த மூட்டைக்கான காசை
இந்த மூட்டையில்தானே எடுக்க வேண்டும்.
அது கணக்கு.
கணக்கு என்று சொல்லும்போது
வாய் கொஞ்சம் கோணியது.

பத்து மணிக்கு ரொஷானின் லொறி.
பிஸ்கட் பெட்டிகளை இறக்கும்வரை பொறுத்து,
அவள் என்னைக் கேட்டதை
அப்படியே அவனைக் கேட்டேன்.
அவன் முன்சக்கரத்தை ஒரு உதை விட்டான்.
"இது டீசல் குடிக்காது அக்கே,
காசு மட்டும் தான் குடிக்கும்."
லீசிங்காரன் விட்ட மூன்று மிஸ்ட் கோலையும் காட்டினான்.

மலைப்பாதைக்கு ஒரு சட்டம் உண்டு,
ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்:
எந்தக் கியரில் ஏறினாயோ
அதே கியரில் இறங்கு.
விலை மட்டும் டாப்பில் பறந்து ஏறியது.
இறங்கும்போதுதான்
முதலாம் கியர் ஞாபகம் வருகிறது,
பிரேக்கில் ஒரு கால், ஹேண்ட்பிரேக்கில் ஒரு கை.

லீக்ஸ் கதை இன்னும் மோசம்.
அந்தப் பக்கத்து மலையில், கந்தப்பளையில் பிடுங்கியது,
தம்புள்ளைவரை போய்த் தன் விலையைக் கேட்டுக்கொண்டு
வாடித் திரும்பி வருகிறது எங்களிடம்.
லொறிச் செலவில்லாமல் இங்கே
வீட்டுக்கே வருவது அட்டை மட்டும்தான்.

மத்தியானம் ஹாஜியாருக்கு எடுத்தேன்.
"அடுத்த கிழமை பாப்பமே" என்றார்.
கப்பல் என்றார், டொலர் என்றார்.
பின்னால் யாரோ அவரிடமும்
அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தி. செபமணி நனைந்து வந்தாள்.
கிலோ குறைந்ததால் இன்றைக்கு அரைப் பேராம்.
கால் கிலோ பருப்பு, கொப்பியில் எழுதச் சொன்னாள்.
பக்கத்தைத் திருப்பினேன்:
போன மாதப் பருப்பு
போன மாத விலையில் வரிசையாக நிற்கிறது.
தின்று முடித்து, பிள்ளைகள் வளர்ந்தும் விட்டார்கள்.
நாளைக்கு டீசலை இலவசமாகவே ஊற்றினாலும்
அந்த வரிகள் ஒரு சதம் இறங்காது.
அவளும் எட்டிப் பார்த்தாள்.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

ஈரத் துணியை எடுத்து
கரும்பலகையில் பருப்புக்கு நேரே இருந்த எண்ணை அழித்தேன்.
அழித்தபிறகு
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
ஐந்து குறைக்கலாம். பத்து என்றால்
ஓட்டோக் கூலி என் சோற்றில் விழும்.

"இப்ப என்ன வெல?" என்றாள்
பொட்டலத்தை முந்தானையில் முடிந்தபடி.

"பலக காயட்டும், எழுதுறேன்."

வெளியே பார்த்தாள்.
மூன்று நாளாக
இங்கே மழை.