தேய்பிறை நாலு

கோவில் காலண்டரில் ஞாயிறுக்குச் சிவப்பு மை.
என் காலண்டரில்
அமாவாசைக்கு முன்னும் பின்னுமாய்
பத்து நாளுக்கு நீலப் பேனா வட்டம்.
வட்டிக்காரர் சவரிராயனும்
அந்த வட்டம் பார்த்துத்தான் வாசலுக்கு வருவார்.

பௌர்ணமியில் கடல் முழுக்க விளக்கு.
எங்கள் பேட்டரி லைட்டை எந்த மீன் மதிக்கும்?
வலைக்கண் ஒவ்வொன்றும் பட்டப்பகலாய்த் தெரிய
சாளை கிட்ட வந்து, பார்த்துவிட்டு, விலகிப் போகும்.
அந்த வாரம்
பெண் பார்ப்போம், பல் பிடுங்குவோம்,
கிழிந்த வலையைக் கால் பெருவிரலில் மாட்டிப் பொத்துவோம்.
பெண்டாட்டிமார்
எப்பத்தான் இருட்டுமோ என்று
வானத்தைக் கேட்பார்கள்.

இந்த முறை பொறுக்கவில்லை.
"சூரியன் போனதுக்கும் நிலா வாரதுக்கும் நடுவுல
ரெண்டு மணி நேரம் இருட்டு சும்மா கெடக்குல,
யாருக்கும் வேண்டாத துண்டு நெலம் மாதிரி"
என்றான் தொபியாஸ்.
கூடுதாழையில் வள்ளம் இறக்கினோம்.

பன்னிரண்டு பாகம் ஆழம். லைட் என் கையில்.
முதலில் தூசிபோல் பொடிசுகள்,
அதைத் தின்ன நெத்திலி,
நெத்திலிக்குக் கீழே கணவாய்,
கடன் கொடுத்தவனைத் தெருவில் கண்டவன்போல்
பின்னுக்கே நகர்ந்துகொண்டு.

பாதி வலை இறங்கியிருக்க
பேட்டரி செத்தது.
ஏல வெளிச்சம், ஏல வெளிச்சம்!
பாலித்தீன் பையில் கட்டிய போனில்
டார்ச் போட்டுத் தண்ணீருக்கு மேல் நீட்டினேன்.
கையகல வெளிச்சம்.
கலையப் போன கூட்டம் நின்றது,
திரும்பியது,
அந்தக் கையகலத்துக்குள் வந்து நெருங்கியது.
இதுவரை யாரும்
என்னை இவ்வளவு நம்பியதில்லை.

அப்போது போன் அடித்தது.
கை அதிர, வெளிச்சம் அதிர,
கடலே கொஞ்சம் நடுங்கிற்று.
சவரிராயன்.
எடுக்கவில்லை. கட் பண்ணவும் இல்லை,
விரல் அசைந்தால் வெளிச்சம் நழுவும்.
முழு ரிங்கும் முடியும்வரை
மேலே அவர் பெயர் மின்ன
கீழே நெத்திலி சுற்றிக்கொண்டிருந்தது.

ஏழு கூடை.
இழுத்து முடிக்கையில்
ஒரு ஓரம் கரைந்த சோப்புக்கட்டியாய்
கிழக்கே ஏறியது நிலா.
எஞ்சினை முடுக்கினான் தொபியாஸ்.

கரையில் ஒரு சின்ன டார்ச் ஆடியது.
யாரென்று தெரியும்.
வேறெங்கே போவது,
வள்ளம் அதை நோக்கியே வந்தது.