நகப்பூச்சுக் கோடு

பீடோர் பழைய ரோட்டில், சூக் ஃபன் கடையில்
ஒரு போத்தல் ஓட்கா கேட்டேன்.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு வாசலைப் பார்த்தாள்,
தனபாலன் லோரி நிற்கிறதா என்று.
"கேக்குக்கு" என்றேன்.
"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்று மலாயில் சொல்லிவிட்டு
சீன நாளிதழில் சுற்றி, மேலே
இரண்டு கட்டு கங்கோங் வைத்துக் கொடுத்தாள்.
கீரைக்குக் காசு வாங்கவில்லை.

வெனிலா சபாவிலிருந்து வந்தது,
கூரியர் பையன் கேட்டில் மாட்டிவிட்டுப் போன உறையில்.
பதினைந்து காய், நூற்றுப் பத்து வெள்ளி.
வற்றிய முருங்கைக்காய் போலிருக்கும் என்று நினைத்திருந்தேன்.
இல்லை. எண்ணெய் ஊறிய செருப்பு வார்.
பதினாலை நீளவாக்கில் கீறினேன்.
ஒன்றை ஒதுக்கி வைத்தேன்.
கரிப்பொடி போன்ற விதை
விரல் ரேகையில் புகுந்துகொண்டு
மறுநாள் மீன் கழுவியும் போகவில்லை.

இருட்டில் வைக்க வேண்டுமாம்.
இந்த வீட்டின் இருட்டெல்லாம் எனக்குத் தெரியும்.
அரிசித் தொட்டி, தையல் மெஷின் மூடி,
குளியலறை மேல் தகரத்தின் மடிப்பு.
ஒவ்வொன்றிலும் ஒரு காலத்தில்
ஒரு போத்தலைக் கண்டெடுத்திருக்கிறேன்.
அதனால் அடுப்புக்கு மேல் அலமாரியில்,
மைலோ டின்னுக்கும் மஞ்சள்தூளுக்கும் நடுவில்.
சாத்தினால் இருட்டு.
திறந்தால் யாரும் பார்க்கலாம்.

வைக்கும்முன்
சிவப்பு நகப்பூச்சால்
மட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
எழுநூற்று நாற்பது நாள்.
நான் எண்ணுவது அவருக்குத் தெரியாது.
வெட்கமாகத்தான் இருந்தது.
இழுத்தேன்.

மூன்றாம் நாள் அவரே கேட்டார்:
"இதை என்ன பண்ணணும்?"
"தினம் ஒருதரம் குலுக்கணும்."
"நான் குலுக்குறேன்."

செம்பனைக் குலை இறக்கிவிட்டு வந்து
குளித்து, தலை துவட்டி,
அலமாரியைத் திறப்பார்.
நான் முதுகைக் காட்டி வெங்காயம் அரிவேன்.
களுக், களுக்.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையில்
மூடி திருகும் சத்தம் வருமோ என்று
என் கத்தி நின்றுவிடும்.
கதவு சாத்தும்.
மறுபடி வெங்காயம்.

முதல் வாரம் ஆறிப்போன தேநீர் நிறம்.
ஆறாம் வாரம் கோப்பி ஓ.
நாலாம் மாதம் பார்த்தால்
மட்டம் கோட்டுக்குக் கீழே,
ஓர் அரிசி அளவு.
காய் உறிஞ்சும் என்று படித்திருக்கிறேன்.
ஆவியாகும் என்றும் படித்திருக்கிறேன்.
இரவு முழுக்கக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில்
என் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு.
அதே சிவப்பு.
பக்கத்தில் தேதி,
லோரி நடைச்சீட்டில் எழுதுகிற சாய்ந்த கையெழுத்தில்.
அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
லோரி கிளம்பிய சத்தம்
தமிழ்ப்பள்ளி முக்கு திரும்பும்வரை கேட்டது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு
இருமல் மருந்துப் போத்தல்களைக் கொதிக்க வைத்தேன்.
நான் வடிகட்டி ஊற்றும்போது அவர் வெளியே போகவில்லை,
உள்ளேயும் வரவில்லை. வாசற்படியில் நின்று
பைசா அளவு வெட்டிய அட்டைகளில்
சரக்குப் பெயர் எழுதித் தருவதாகச் சொன்னார்.
பைசா அளவில் பெயருக்கு மேல் எழுத முடியவில்லை;
பெரிதாக வெட்டச் சொன்னார்.

கிளினிக் மிஸ்ஸி புவனேஸ்வரிக்கு ஒன்று.
கேக் ஆர்டர் கொடுக்கும் ஆறு வீட்டுக்கு ஆறு.
செவ்வாய்க்கிழமைக் கூட்டம் நடத்தும் அந்தோணிசாமி மட்டும்
முகர்ந்து பார்த்து, கும்பிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டார்.
காக் ரொஹானிக்கு இது ஆகாது;
ஒதுக்கிய காயை வேறு கத்தியால் கீறி
சீனியில் புதைத்த ஜாடி அவளுக்கு.

அட்டையில் எழுதியிருந்தது:
வெனிலா.
ஒரு கேக்குக்கு ஒரு தேக்கரண்டி.
அதற்கு மேல் வேண்டாம்.
கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு,
எல்லா அட்டையிலும்.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் சூக் ஃபன்.
சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
போத்தலைக் கல்லாவுக்குள் வைத்து,
சாவியைத் திருப்பி,
எனக்கு ஒரு கட்டு கங்கோங் எடுத்தாள்.