அரை டிக்கெட்

நில் என்று ஊருக்குப் பெயர்.
நிற்பவர் யாருமில்லை.
மெல்பர்னுக்கும் அடிலெய்டுக்கும் நடுவழியில்
கோதுமை லாரிகள் எங்கள்மேல் புழுதி ஊதிவிட்டுப் போகும்.
வருஷத்தில் ஒரு ஞாயிறு மட்டும்
மைதானத்தில் பழைய யூட்கள் நிற்கும்.
அன்றைக்கு வாசலில் நான்,
கழுத்தில் காசுப்பை.
வண்டிக்குப் பத்து டாலர்,
நடந்து வந்தால் மூன்று.

யூட் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
முன்னால் காரின் முகம்,
பின்னால் ஆடு ஏற்றும் தொட்டி,
இடையில் தையல் தெரியாது.
எலும்பு கனடாவிலிருந்து கப்பலில் வந்தது,
உடம்பு அடிலெய்டில் அடித்தது.
அந்த உடம்பின் எண்ணைத் தேடித்தான்
இத்தனை பேர் முட்டி போடுகிறார்கள்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
மாதா கோயிலில் கூட
இவ்வளவு மண் ஒட்டி யாரும் எழுந்ததில்லை.

மூன்று வருஷம் முன்பு
எட்டு மணிக்கு ஒரு முன்பாதி வந்தது.
முப்பத்தெட்டு மாடல் ஷெவர்லே,
சீட்டுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் வானம்.
லாரியில் ஏற்றி வந்தவர்
கனைவா ஊர் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா பாஸ்கோ.
பாதிக்கு என்ன கட்டணம் என்றார்.
விதிப்புத்தகத்தில் பாதி இல்லை.
பத்தே வாங்கினேன்.
எட்டரைக்கு ஒரு பின்பாதி வந்தது,
டிரெய்லராக,
டெஸ்மண்ட் குவில்டியின் காருக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டு.
எல்லைக்கு அந்தப்பக்கம் பார்டர்டவுன்காரர், பிளம்பர்.
"சரியாக எட்டு" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார்.
எல்லை தாண்டினால் அங்கே அரைமணி பின்னால்.

பித்தளைத் தகட்டில் 2267.
தொட்டியின் அடிப்பலகையில் சூடு போட்ட 2267.
முதலில் பார்த்தது யாரோ பொடியன்.
கத்தினான்.
சாசேஜ் வரிசை கலைந்து ஓடி வந்தது.

ஊரில் வயதானவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.
யென்ஷ் சகோதரர்கள்,
ஐம்பத்தொன்றில் நிலம் பிரித்தார்கள், ஆடு பிரித்தார்கள்,
யூட் ஒன்றே ஒன்று.
எதற்குச் சண்டை என்றால் மூன்று கதை:
குளத்துத் தண்ணீர்,
டிம்பூலாவில் ஒரு பெண்,
ஜெர்மன் பைபிள்.
இரும்பறுக்கும் ரம்பம்,
ஒருவர் அறுக்க, மற்றவர் அசையாமல் பிடிக்க,
பிறகு கைமாற்றி,
பகல் முழுக்க,
ஒரு வார்த்தை பேசாமல்.
முன்பாதி மரம் அறுத்தது.
பின்பாதி வைக்கோல் இழுத்தது.

வெர்னா விலை கேட்டார்.
குவில்டி விலை கேட்டார்.
இருவரும் வாங்க வந்தவர்கள்,
விற்பவர் இல்லை.
எனக்குப் பின்பாதிதான் அழகு என்றார் அவர்,
எஞ்சின் இல்லாததற்குப் பெயர் வண்டியா என்றார் இவர்.
இருந்தாலும் மதியத்துக்குள்
இரண்டையும் நகர்த்தி நகர்த்தி
முதுகோடு வயிறாகச் சேர்த்துவிட்டார்கள்,
இடையில் ஒரு சாண் விட்டு.

அப்போதுதான் வெல்டிங் மெஷினோடு ஒருவன் வந்தான்,
நல்லெண்ணம்தான் பாவம்.
"பத்து நிமிஷ வேலை, காசு வேண்டாம்."
"தொடாதே" என்றார்கள்
இருவரும் ஒரே நொடியில்,
இரண்டு மாநிலத்துக் கடிகாரத்துக்கும் பொதுவான நொடியில்.

அந்த ஒரு சாணில் ரம்பப் பல் தெரிகிறது.
வளைந்து போன கோடு.
ஓரிடத்தில் மட்டும் நேராக இருக்கிறது.
யார் கை என்று சொல்ல முடியாது.
விரலால் தடவிப் பார்க்கத்தான்
இப்போது பாதிக் கூட்டம் வருகிறது.

மறு வருஷமிருந்து
ஒரே டிக்கெட்டைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு தருகிறேன்,
ஐந்து ஐந்து டாலர்.
பொருளாளர் முறைக்கிறார்.
கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

சாயங்காலம் இரண்டும் போன பிறகு
புல்லில் முன்பாதி நின்ற இடத்தில் எண்ணெய்,
பின்பாதி நின்ற இடத்தில்
பலகை இடுக்கிலிருந்து உதிர்ந்த
எந்தக் காலத்தின் கோதுமையோ, ஏழெட்டு மணிகள்.
மேக்பை ஒன்று கொத்திப் பார்த்துத் துப்பியது.

போன வாரம் வாசலில்
வெர்னா அவரிடம் சொன்னார்:
"அடுத்த வருஷம் ஏழரைக்கே வந்துவிடும்."
குவில்டி கடிகாரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.
"யாருடைய ஏழரை?"
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
இருவரும் நகரவில்லை.